என்னத்துக்கு இந்த வயசில?

2023 ஜூலையில், 71 வயதான என் உம்மாவும் 68 வயதான சாச்சியும் லண்டன் பார்க்கப் போனார்கள். செலவு லண்டனில் இருக்கும் என் தம்பியுடையது. துணைக்குப் போனவன் நான். ஒரு கிராமத்துப் பாடசாலையில் இருபது வருடங்களுக்கு மேலாகப் புவியியல் படிப்பிக்கும் எனக்கும் அதுதான் முதல் விமானப் பயணம்.

புறப்படுவதற்கு முந்திய இரண்டு வாரங்களும் ஊரில் ஒரே கேள்விதான். கடைத்தெருவில் கேட்டார்கள். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வரும்போது கேட்டார்கள். பாடசாலையில் ஆசிரியர் அறையிலும் கேட்டார்கள். "என்னத்துக்கு இந்த வயசில?"

கேட்டவர்கள் எங்கள் மேல் பொறாமை கொண்டவர்கள் அல்லர். பெரும்பாலானோர் எங்கள் நன்மையை நாடுபவர்கள். ஆகவே அவர்களுக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்: "தம்பிட புள்ளைகளப் பார்க்க." அது கேட்டவரை உடனே சமாதானப்படுத்தியது. ஆனால் அது முழு உண்மை அல்ல. தம்பி அந்த வருடக் கடைசியில் பிள்ளைகளோடு ஊருக்கு வர இருந்தவன். உம்மாவுக்கு என்னைப்போல் சாமர்த்தியம் போதாது. பக்கத்து வளவுப் பெரியவர் கேட்டபோது, "ஊர் பார்க்கத்தான்" என்று சொல்லிவிட்டார். பெரியவர் சிரித்தார். பிறகு, "அந்தக் காசுக்கு ஒரு உம்றா போயிரிக்கலாமே" என்றார். உம்மாவும் வாப்பாவும் 2011இலேயே ஹஜ் கடமையை முடித்தவர்கள். உம்மா ஒன்றும் பேசவில்லை. வெட்கப்பட்டவன் நான். உம்மாவின் பதிலுக்காக அன்று வெட்கப்பட்டேன். அப்படி வெட்கப்பட்டதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எங்கள் சமூகத்தில் ஒரு பயணத்துக்கு மூன்று நியாயங்கள் செல்லுபடியாகும். மார்க்கக் கடமை, பிழைப்பு, படிப்பு. வைத்தியத்துக்காகப் போவதை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். உலகத்தைச் சுற்றிவந்த இப்னு பதூதாகூட, 1325இல் தனது 21ஆவது வயதில் தஞ்சியரை விட்டுப் புறப்பட்டது ஹஜ்ஜுக்காகத்தான். பார்ப்பதில் இருந்த ருசி பிறகுதான் அவரை இழுத்துக்கொண்டு போனது. இன்பத்துக்காக மட்டும் புறப்படுவது, அதுவும் வயது போனவர்கள் புறப்படுவது, விளக்கம் சொல்லவேண்டிய ஒரு காரியமாகிவிடுகிறது.

சாச்சி இதற்கு முன்பும் வெளிநாடு போனவர். 1993இல் குவைத்துக்குப் போய், இடையில் ஒருமுறை வந்து, மொத்தம் ஏழு வருடங்கள் அங்கே வீட்டு வேலை செய்தார். அந்த ஏழு வருடத்தில் தான் கண்டது விமான நிலையத்திலிருந்து வீடு வரையான பாதையும், குசினி யன்னலுக்கு வெளியே தெரிந்த ஒரு மதிலும்தான் என்பார். கடல் கிட்டத்தான் இருந்ததாம். ஒரு நாளும் காணவில்லையாம். அவர் அன்று புறப்பட்டபோது "என்னத்துக்கு?" என்று எவரும் கேட்கவில்லை. இரண்டு குமருக்கு வீடு கட்டவேண்டும். காரணம் ஊருக்கே தெரியும். பிள்ளைகளை விட்டுவிட்டு, பாஷை தெரியாத நாட்டில், பிறர் வீட்டுச் சட்டி கழுவ ஒரு பெண் புறப்பட்டபோது வழிவிட்ட ஊர், அதே பெண் தனக்காக இரண்டு கிழமை போய்வரப் புறப்பட்டபோது வழிமறித்துக் காரணம் கேட்டது.

இது பெண்களுக்கு மட்டும் நேர்வதல்ல. என் வாப்பா சில்லறைக் கடை வைத்திருந்தவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எனக்கு முதலாவது தேசப்படப் புத்தகத்தை மட்டக்களப்பிலிருந்து வாங்கி வந்தவர் அவர்தான். என்னைவிட அவர்தான் அதைக் கூடுதலாகப் புரட்டினார். இரவில் கடையைப் பூட்டிவிட்டு வந்து, றேடியோவைக் காதோடு வைத்து பிபிசி தமிழோசை கேட்பார். யுத்தகாலத்தில் அந்த ஒலிபரப்பு எங்கள் வீடுகளில் எத்தனை முக்கியமாக இருந்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. எங்கள் ஊரில் நடந்ததை லண்டன் சொன்னால்தான் நம்பிய காலம் அது. 2016இல் தம்பி வாப்பாவையும் உம்மாவையும் லண்டனுக்கு அழைத்தான். வாப்பாவின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். கண்டும் நான்தான் சொன்னேன்: "இந்த வயசில என்னத்துக்கு வாப்பா? முழங்கால் வருத்தம் வேற."

"ஓம், சரிதான்" என்றார் வாப்பா. மறுபேச்சு இல்லை. 2017 ஏப்ரலில் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றது. 2018இல் வாப்பா மௌத்தானார்.

ஆகவே ஊர் கேட்ட கேள்வி எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் அதை முதலில் கேட்டவன் நான்.

*

முதியவர்களின் பயணம் என்றதும் எனக்குக் கிழக்கு ஜேர்மனி ஞாபகத்துக்கு வரும். 1961 ஓகஸ்டில் பேர்லின் மதிலைக் கட்டித் தன் மக்களை உள்ளே வைத்துப் பூட்டிய அரசு அது. அதே அரசு 1964 நவம்பரிலிருந்து ஓய்வூதியர்களுக்கு மட்டும், மேற்கிலே இருக்கும் உறவினரைப் போய்ப் பார்த்துவர அனுமதி கொடுத்தது. பெண்களுக்கு 60 வயது, ஆண்களுக்கு 65. பேரன் மதிலில் ஏறினால் சுடப்படுவான். பாட்டி பெட்டியோடு புகையிரதத்தில் போய்வரலாம்.

இதைக் கருணை என்று நினைக்கலாம். கணக்கைப் பார்த்தால் வேறு தெரியும். இளைஞன் திரும்பி வராவிட்டால் உழைக்கும் கை ஒன்று குறையும். கிழவி திரும்பி வராவிட்டால் குறைவது எதுவுமில்லை, ஓய்வூதியம் மிச்சம். முதியவர்கள் இனி எதற்கும் பயன்படமாட்டார்கள் என்பதால் அந்த அரசு அவர்களைப் போகவிட்டது. அவர்களுடைய பயணத்தால் இனி யாருக்கும் பயனில்லை என்பதால் நாங்கள் அவர்களைப் போகவேண்டாம் என்கிறோம். முடிவுகள் நேரெதிரானவை. ஆனால் இரண்டும் எழுதப்பட்டிருப்பது ஒரே கணக்குக் கொப்பியில்தான்.

*

தம்பியின் வீடு கிழக்கு லண்டனில். முதல் மூன்று நாளும் உம்மா கண்ட விலையையெல்லாம் ரூபாயாக மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது ஒரு பவுண் ஏறத்தாழ 400 ரூபாய். அங்கே பஸ்ஸில் ஏறினால் தூரம் எவ்வளவானாலும் 1.75 பவுண். "எழுநூறு ரூபாயா?" என்று இறங்கப் பார்த்தார். தம்பி, "வயசாளிகளுக்குச் சும்மாதான் உம்மா" என்று ஒரு பொய் சொன்னான். அந்தச் சலுகை அங்கே வசிக்கும் முதியவர்களுக்கு மட்டும் உரியது. அந்தப் பொய்க்குப் பிறகு உம்மா பஸ்ஸைவிட்டு இறங்க விரும்பவில்லை.

15ஆம் இலக்கப் பஸ்ஸின் மேல்தட்டில், முன்கண்ணாடியை ஒட்டிய ஆசனத்தில் இருவரும் அமர்ந்துகொள்வார்கள். டவர் கோட்டை, சென்ற் போல்ஸ் தேவாலயத்தின் பெரிய கவிகை, ஃப்ளீட் வீதி, கடைசியில் ட்ரஃபல்கர் சதுக்கம். இறங்காமல் திரும்பிவர முடியுமா என்று கேட்பார்கள். வீதியோர மரக்கிளைகள் கண்ணாடியில் வந்து அறையும்போது சாச்சி ஒவ்வொரு முறையும் தலையைக் குனிவார். பிறகு தன்னைத்தானே பார்த்துச் சிரிப்பார்.

1863இல் உலகிலேயே முதலாவதாகத் தொடங்கிய நிலக்கீழ்ப் புகையிரதம் அந்த நகரத்தினுடையது. அதன் ஓடும் படிக்கட்டில் கால்வைக்க உம்மா மறுத்துவிட்டார். சாச்சி ஏறினார். மேலே போய்ச் சேர்ந்து, எங்களுக்குக் கையசைத்து, இறங்கும் படிக்கட்டில் திரும்பி வந்து, மறுபடியும் ஏறினார். அங்கே நிற்பவர்கள் வலப்பக்கம் நிற்கவேண்டும், நடப்பவர்களுக்கு இடப்பக்கம். பின்னால் வந்த ஓர் அவசரக்காரர் சாச்சியை ஒதுங்கும்படி சாடை காட்டினார். சாச்சி அவருக்கு ஸலாம் சொன்னார்.

நான் வேறு மாதிரியான பயணி. கையில் கொப்பியும் பேனையுமாகத் திரிந்தேன். கிறீன்விச் குன்றில் 1675இல் நிறுவப்பட்ட வானாய்வு நிலையத்துக்கு அவர்களைக் கூட்டிப்போனேன். 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு பூச்சியப் பாகை நெடுங்கோடாக ஏற்றுக்கொண்ட கோடு அங்கேதான் ஓடுகிறது. இத்தனை வருடம் கரும்பலகையில் நான் கீறிய கோடு. அதன்மேல் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உம்மாவும் சாச்சியும் புல்தரையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டபடி, ஓடித்திரிந்த நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோட்டைப் பார்க்க வரச்சொன்னேன். "நீ பார்த்துட்டு வா மகன்" என்றார் உம்மா.

ஆனால் தேம்ஸ் ஆற்றை உம்மா பார்த்தார். ஒரு காலையில் டவர் பாலத்தின் அருகே நின்றோம். மாலையில் அதே இடத்துக்குத் திரும்பினோம். "மகன், காலையில மண்ணும் கல்லுமாக் கிடந்த இடமெல்லாம் எங்க? ஆறு பின்னுக்கு ஓடுதே!" நான் கவனித்திருக்கவில்லை. எங்கள் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. லண்டன் நகரின் நடுவில் தேம்ஸ் ஏழு மீற்றர் வரை ஏறி இறங்கும். மாரிக்கு முகத்துவாரம் வெட்டுவதையும், பிறகு ஆற்றுவாயில் உப்புத் தண்ணீர் ஏறுவதையும் பார்த்து வளர்ந்தவர் உம்மா. அவருடைய கண் தண்ணீரின் போக்கைத் தவறவிடவில்லை.

அன்றிரவு மகிழ்ச்சியோடு கொப்பியில் எழுதினேன்: "உம்மா வற்றுப்பெருக்கைத் தானாகவே கண்டுபிடித்தார். பயணம் வீண்போகவில்லை."

மறுநாள் அந்தக் கடைசி வரியை வாசித்தபோது பேனையை மூடிவைத்தேன். வீண்போகவில்லை என்று நான் யாருக்கு அறிக்கை எழுதுகிறேன்? உம்மா ஆற்றைக் கவனிக்காமல், நாய்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் பயணம் வீணாகியிருக்குமா? ஊரின் கேள்வியை எதிர்த்துப் புறப்பட்ட நான், ஊருக்குக் காட்ட ஒரு பற்றுச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

*

அறிவுதான் பயணத்தின் பயன் என்றால் அதற்குச் சரியான பதிலை இம்மானுவேல் காண்ட் வாழ்ந்தே காட்டிவிட்டார். 1724இல் கோனிக்ஸ்பேர்க்கில் பிறந்து, 1804இல் அங்கேயே இறந்தவர். கிழக்குப் பிரஷ்யாவை விட்டு ஒருநாளும் வெளியே போகவில்லை. ஆனால் ஏறத்தாழ நாற்பது வருடங்கள் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிப்பித்தார். ஒருமுறை லண்டனின் வெஸ்ற்மினிஸ்ரர் பாலத்தை அவர் அத்தனை நுணுக்கமாக விவரித்ததைக் கேட்ட ஆங்கிலேயர் ஒருவர், நீங்கள் எத்தனை வருடம் லண்டனில் இருந்தீர்கள், கட்டடக் கலைஞரா என்று கேட்டதாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர் சொல்கிறார்.

எதையும் காணாமல் படிப்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில் இந்தச் சம்பவம் எனக்கு நெடுநாள் ஆறுதலாக இருந்தது. லண்டனில் வைத்துத்தான் அதன் மறுபக்கம் விளங்கியது. அறிவுக்காகப் போகவேண்டியதில்லை. அது புத்தகத்திலேயே கிடைக்கும். அப்படியானால் போவதில் மிஞ்சுவது என்ன? ஆசனத்தின் குலுக்கல், கண்ணாடியில் அறையும் கிளை, இரவு ஒன்பது மணி தாண்டியும் மஃரிபுக்கு வழிவிடாத சூரியன், "இந்த ஊரில பகல் முடியாதா?" என்று சாச்சி கேட்பது. காண்டிடம் இல்லாமல்போனது இவைதான். உம்மாவும் சாச்சியும் எடுத்துக்கொண்டதும் இவைதான்.

இது அவர்கள் வாழ்நாள் உழைப்புக்கு ஒரு கூலி என்று சொல்லிப் பார்த்தேன். பிரித்தானிய நூதனசாலையில் அந்த எண்ணம் வந்தது. அங்கே எங்கள் கரையைச் சேர்ந்த ஒருத்தி நிற்கிறாள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கிடைத்த தாரா சிலை. எட்டாம் நூற்றாண்டு, பொன்முலாம் பூசிய வெண்கலம், 143 சென்ரிமீற்றர் உயரம். ஆளுநராக இருந்த ரொபர்ட் பிரவுன்றிக் 1830இல் நூதனசாலைக்குக் கொடுத்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நான் சொன்னதும் சாச்சி கிட்டப்போய் நின்று பார்த்தார். "பாவம். இவக்கு அக்ரிமென்ற் எப்ப முடியிற?" என்றார். தம்பி சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. குவைத்தின் ஏழு வருடமும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. இவர் உழைத்த உழைப்புக்கு இந்த இரண்டு கிழமை போதுமா என்று நினைத்தேன்.

ஆனால் கூலி என்பதும் ஒரு கணக்குத்தான். உழைத்தவர்க்கே மகிழ்ச்சி உரியது என்றால், நோயாளியாகப் படுத்தே காலம் கழித்தவருக்கு என்ன பதில்? மகிழ்ச்சியை வாங்குவதற்கு முதியவர் ஒருவர் தன் தழும்புகளைக் காட்டவேண்டுமா? மனிதரை வெறும் கருவியாக மட்டும் பாவிக்கக்கூடாது, ஒவ்வொருவரும் தன்னளவிலேயே ஒரு நோக்கம் என்று 1785இல் எழுதியவர் அதே காண்ட்தான். ஆசிரியர் கலாசாலையில் அதைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். அதற்குச் சரியான சோதனை முதியவர்கள்தான் என்று அப்போது தெரியாது. பிள்ளையின் மகிழ்ச்சிக்கு எதிர்காலம் என்ற சாட்டு உண்டு. இளைஞனின் மகிழ்ச்சிக்கு அனுபவம் என்ற சாட்டு உண்டு. முதியவரின் மகிழ்ச்சிக்கு எந்தச் சாட்டும் கிடையாது. அது அவருக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அவ்வளவுதான். அது போதாது என்று நாம் நினைத்தால், மனிதரைப் பற்றி நாம் உண்மையில் என்ன நினைக்கிறோம் என்பது அங்கே வெளிப்பட்டுவிடும்.

ஏழைகளின் பங்கைப் பற்றிய கேள்வி மிச்சமிருக்கிறது. முந்திய வருடம்தான், 2022இல், நாடே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றது. எங்கள் ஊரில் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்த வீடுகள் இருந்தன. அந்த ரிக்கற் காசில் எத்தனை அடுப்பு எரிந்திருக்கும் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் அது எல்லாச் செலவுக்கும் உரிய கேள்வி. கல்யாண வீட்டுப் பந்தலுக்கும், மதிலில் பதித்த மாபிளுக்கும், என் மோட்டார் சைக்கிளுக்கும் உரியது. அங்கெல்லாம் வாய்மூடி இருந்துவிட்டு, ஒரு கிழவி விமானம் ஏறும்போது மட்டும் கேட்டால், பேசுவது ஏழையின் பசி அல்ல. இதனால் என் மனம் முழுதாய் ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஓர் உறுத்தல் இருக்கிறது. அதை நான் சுமக்கவேண்டும். உம்மாவின் மடியில் இறக்கிவைக்கக் கூடாது.

*

சிக்மண்ட் பிராய்ட் 1904இல், தனது 48ஆவது வயதில், தம்பியோடு முதன்முதலாக ஏதென்ஸ் போய் அக்ரோபோலிஸ் மேல் நின்றார். பாடசாலையில் படித்த இந்த இடம் மெய்யாகவே இருக்கிறதா என்று ஒரு விசித்திரமான சந்தேகம் அவருக்கு வந்தது. மகிழவேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று மகிழ்ச்சியைத் தடுத்தது. 1936இல், எண்பது வயதை அண்டிய காலத்தில், ரொமெய்ன் ரோலந்துக்கு எழுதிய கடிதத்தில் அதற்கு ஒரு காரணம் கண்டார். தகப்பன் போகாத தூரத்துக்கு மகன் போய்விட்ட குற்றவுணர்வு அது என்றார். அவருடைய தகப்பன் கம்பளி வியாபாரி, உயர்கல்வி இல்லாதவர், ஏதென்ஸ் அவருக்குப் பெரிதாக எதையும் சொல்லியிருக்காது என்று நினைத்தார்.

என் கதை அதைவிட மோசமானது. லண்டன் எனக்குச் சொன்னதைவிட என் வாப்பாவுக்குக் கூடுதலாகச் சொல்லியிருக்கும். அவர் போகாமல்விட்டது என்னால்.

15ஆம் இலக்கப் பஸ் ஓல்ட்விச் என்ற வளைவைச் சுற்றிப் போகும். அங்கே புஷ் ஹவுஸ் என்ற பெரிய கல் கட்டடம் இருக்கிறது. 1941இலிருந்து 2012 வரை பிபிசி உலக சேவை அதில் இருந்தது. இப்போது லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பாவனையில் இருக்கிறது. முதல் நாள் தம்பி கையை நீட்டிச் சொன்னான்: "உம்மா, வாப்பாட தமிழோசை இஞ்ச இருந்துதான் வந்த."

உம்மா ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். 2016இல் நான் வாப்பாவிடம் பேசியபோது அவரும் அந்த அறையில்தான் இருந்தார். பஸ் திரும்பும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல பெரிய கட்டடம்" என்றார். அடுத்த நாள் எங்கே போகலாம் என்று தம்பி கேட்டதற்கு, "எங்கெண்டாலும் போவம். அந்த வளைவால போற பஸ்ஸில போவம்" என்றார். ஊருக்குத் திரும்புமுன் நான்கு தடவை அந்த வழியால் போனோம். ஒவ்வொரு முறையும் வலப்பக்க ஆசனம், இடப்பக்க ஆசனம் என்று மாறி மாறி இருந்து பார்த்தார். நான்காவது முறை அந்தக் கட்டடத்தைத் தாண்டியதும் சாச்சியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

*

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் பக்கத்து வளவுப் பெரியவர் எங்கள் வாசலில் வந்து கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாச்சி இரண்டு மணித்தியாலம் கதை சொன்னார். பாதிப் பெயர்கள் பிழை. டவர் பாலத்தை லண்டன் பாலம் என்றார். நான் திருத்த வாய் திறந்து, மூடிக்கொண்டேன். புகையிரதத்தில் நாய்கள் எசமானின் காலடியில் படுத்து வருவதைச் சொன்னார். உம்மா ஆறு பின்னுக்கு ஓடியதைச் சொன்னார். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தார். கடப்பலடியில் நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி, "விசா எடுக்கிறது கஷ்டமா மாஸ்டர்?" என்றார். அவருடைய மூத்த மகள் கனடாவில் இருக்கிறார்.

எனக்கு 46 வயது. இந்தக் கேள்வி என்னிடமும் வந்து சேர அதிக காலம் இல்லை. முதியவர் ஒருவர் பெட்டி கட்டும்போது கேட்கவேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. மருந்தெல்லாம் எடுத்தீர்களா, குளிருக்கு உடுப்பு இருக்கிறதா, துணைக்கு யார் வருகிறார், முழங்கால் வருத்தத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள். வாப்பாவிடம் நான் கேட்டிருக்கவேண்டியவை அவைதான். பெரியவரிடம் அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.